தலைமாட்டுக் காசு

2024 பெப்ரவரி 15, வியாழக்கிழமை அதிகாலை 4.20 மணிக்கு, புத்தூரில் தன் வீட்டில் சின்னத்தம்பி கனகரத்தினம் இறந்தார். வயது எழுபத்தொன்று. இடுப்பு முறிந்து இரண்டு வருடங்களாகக் கட்டிலில் கிடந்தவர்.

அவருடைய மகன் சிவதர்ஷன் அந்த நேரம் கொழும்புக்கு அருகே பேலியகொடைச் சந்தையில் லொறியின் பின்கதவைத் திறந்துவிட்டு வெங்காய மூடைகளை எண்ணிக்கொண்டு நின்றான். நூறு மூடைகளில் அறுபத்திரண்டு இறங்கியிருந்தன. அக்கா தாரிகாவின் அழைப்பு வந்தபோது அறுபத்து மூன்றாவது மூடை சுமைகாரர் ஒருவரின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.

“தம்பி, அப்பா போட்டார்.”

“எப்ப?”

“இப்பதான். தண்ணி கேட்டவர். எடுத்துக்கொண்டு வந்து பாத்தால்...” பின்னால் பெரியம்மா மீனாம்பிகையின் குரல் ஒப்பாரி வைக்கத் தொடங்கியிருந்தது.

“வாறன்,” என்றான். தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டான். அறுபத்து நாலு, அறுபத்தைந்து என்று வாய் எண்ணிக்கொண்டே போனது. எழுபதில்தான் அப்பா இறந்துவிட்டார் என்பது அவனுக்குப் பிடிபட்டது. பிடிபட்டதும் முதலில் நினைவுக்கு வந்தது அப்பாவின் முகமல்ல, அவருடைய தலையணை.

தலையணை உறைக்குள் மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா இருந்தது. அதில் ஒரு ரூபாகூட அவனுடையதில்லை.

அவன் லொறி ஓட்டத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. லொறி சுன்னாகத்து வெங்காய வியாபாரி பிரகலாதனுடையது. கிழமைக்கு இரண்டு ஓட்டம், தம்புள்ளைக்கும் கொழும்புக்கும். ஓட்டத்துக்கு ஏழாயிரம். முதல் ஓட்டத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தது நானூறு ரூபா. சாப்பாடு, டயர் ஒட்டு, மூடை இறக்குபவர்களுக்குத் தேத்தண்ணீர், மதவாச்சியில் பொலிஸ் எழுதிய தண்டம் என்று மற்றதெல்லாம் வழியிலேயே போயிருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் டீசலுக்கு, வெங்காயம் விற்ற சரக்குக் காசிலிருந்து ஐயாயிரம் தாள் ஒன்றை மாற்றினான். மிச்சத்தை எந்தப் பையில் போட்டான் என்று பிறகு தெரியவில்லை. கடையில் முதலாளி எண்ணி முடித்தபோது இரண்டாயிரத்து முந்நூறு குறைந்தது.

“உன்ரை காசும் என்ரை காசும் ஒரு பொக்கற்றுக்கை இருந்து கதைக்குதுகள் போலை கிடக்கு,” என்றார் பிரகலாதன், கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “கதைக்க விட்டால் அதுகள் கலியாணமும் கட்டிப்போடுங்கள். பிரிச்சு வை தம்பி.”

அன்றிலிருந்து பிரித்து வைத்தான். டீசல் காசு சாரதி ஆசனத்துக்குக் கீழே ஒரு தகரப் பேணியில். தன் காசு, கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் தட்டுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் உறையில். அது அக்காவின் காப்புகளை மீட்பதற்கு. கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுப்பதற்காக அவள் போன ஜூலையில் நாலு காப்பைக் கழற்றிக் கொடுத்திருந்தாள். அவற்றை அடகாகப் பிடித்த அடைவு கடையில் ஒரு வருடத் தவணை; தவறினால் ஏலம்.

சரக்குக் காசைத்தான் எங்கே வைப்பது என்று தெரியாமலிருந்தது. பேலியகொடைக்காரர் வங்கியில் போட்டுவிடுவார். தம்புள்ளைக்காரர் மட்டும் காசாகவே தருவார். திரும்பி வந்து சேர விடிந்துவிடும். சுன்னாகத்துக் கடை திறக்கும்வரை காசு வீட்டில் இருக்க வேண்டும். வீட்டு அலுமாரிக்குப் பூட்டு இல்லை. ஆனால் வீட்டில் ஒரு கட்டில் இருந்தது; அதிலிருந்து எழும்ப முடியாத ஒரு மனிதர் இருந்தார்.

இந்த முறை காசு அங்கே வெள்ளிவரை தங்க வேண்டியிருந்தது. முதலாளி கண் வைத்தியத்துக்குச் சென்னைக்குப் போயிருந்தார். “கடையிலை ஒருத்தரிட்டையும் குடுக்காதை. வியாழன் இரவு வந்திடுவன். வெள்ளி நான் வெங்காயம் தந்த கமக்காரருக்குக் குடுக்க வேணும், நீயே கொண்டுவந்து தா,” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். செவ்வாய் காலை காசுக் கட்டைத் தலையணைக்குள் வைத்துவிட்டு, புதன் மாலை கொழும்புக்கு மூடை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

நூறாவது மூடை இறங்க ஐந்தரை ஆனது. வெறும் லொறியோடு வடக்கே திரும்பினான். புத்தளம் தாண்டியதும் அக்காவுக்கு எடுத்தான். வேறு யாரோ எடுத்து, “அவ அழுதுகொண்டிருக்கிறா,” என்றார்கள். வவுனியாவில் மறுபடியும் எடுத்தான். பெரியம்மாவே பேசினாள். “ஒண்டுக்கும் யோசியாதை ராசா. எல்லாம் முறையாய் நடக்குது. நீ மெல்லமாய் ஓடி வா.”

“பெரியம்மா, அப்பான்ரை கட்டில்...”

“என்ன கட்டில்?”

“ஒண்டுமில்லை.”

செத்த வீட்டில் பிணத்தின் பாயையும் தலையணையையும் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். மாங்குளத்திலிருந்து ஆனையிறவு வரை அதைத்தான் யோசித்தான். அப்பாவை யோசிக்க வேண்டும் என்று இரண்டு முறை முயன்றான். அவர் கை நினைவுக்கு வந்தது, அந்தக் கை தலையணைக்கு மேல் இருந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு லொறியைச் சந்தியில் நிறுத்தினான். ஒழுங்கைக்குள் அது போகாது. மின்கம்பத்தில் அப்பாவின் படம் தொங்கியது. தேசிய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியைப் போட்டிருந்தார்கள். கீழே, ‘பிரிவால் துயருறும் மகள் தாரிகா, மகன் சிவதர்ஷன் (நெடுந்தூர லொறிச் சாரதி)’. அடுத்த கம்பத்திலும் அதே படம். அதற்கடுத்ததிலும். ஏழு கம்பங்கள். இவ்வளவையும் யார் அடித்தார்கள் என்று யோசித்தபடி நடந்தான்.

வீட்டு முற்றம் முழுவதும் தகரப் பந்தல். வெள்ளைத் துணி சுற்றிய கதிரைகள் நூற்றைம்பதாவது இருக்கும். இரண்டு ஒலிபெருக்கிகள். பந்தல்காரர் ஏணியில் நின்று மின்குமிழ் பூட்டிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் இறங்கி வந்து கையைப் பிடித்தார்.

“உங்கடை அப்பர் குடுத்து வைச்ச மனிசன் தம்பி. நான் எத்தினை செத்த வீடு பாத்தனான். கடன் சொல்லாத வீடு இதுதான். எல்லாம் கை மேலை காசு.”

சிவதர்ஷன் தலையாட்டினான். என்ன காசு என்று கேட்க வாயெடுத்தான். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா நடு அறையில் பெட்டிக்குள் கிடந்தார். தேக்குப் பெட்டி, பித்தளைப் பிடிகள், உள்ளே வெள்ளைப் பட்டு மடிப்புகள். தலைக்குக் கீழே புதுத் தலையணை ஒன்று, ஓரத்தில் சரிகை வைத்து. இரண்டு வருடமாகச் சவரம் செய்யும்போது தலையைத் திருப்பித் திருப்பிப் பிடிவாதம் செய்த முகம், வழவழவென்று இருந்தது. பெண்கள் அவனைக் கண்டதும் குரலை உயர்த்தினார்கள். பெரியம்மா எழும்பி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“கொப்பர் உன்னைப் பாக்காமலே போட்டாரே ராசா!”

அவன் அவளுடைய தோளுக்கு மேலால் அறையைப் பார்த்தான். கட்டில் நின்ற இடத்தில் குத்துவிளக்கு நின்றது. சன்னலுக்கு வெளியே, கிணற்றடியில், கட்டில் நிமிர்த்தித் தென்னையில் சாத்தப்பட்டிருந்தது. வெறும் சட்டம். மெத்தையில்லை, பாயில்லை.

குளிக்க வேண்டும் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனான். பின்வளவில் வாழைகளுக்கு அப்பால் ஒரு வட்டம் கருகியிருந்தது. தாரிகா துவாயோடு வந்தாள். அவள் கண் வீங்கி, முகம் சின்னதாகப் போயிருந்தது.

“அக்கா, தலகணி எங்கை?”

“எந்தத் தலகணி?”

“அப்பான்ரை.”

“அது விடியவே எரிச்சாச்சு. பாய், தலகணி, சாரம் எல்லாம். பெரியம்மாதான் கிடக்கக்கூடாதெண்டு சொன்னவ.”

அவன் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “அதுக்கை...”

“காசோ? காசை எடுத்திட்டன். அதையும் போட்டு எரிப்பனோ, விசரா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை, உடம்பு குலுங்கியது. தாரிகா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்தாள். குசினி வாசலில் நின்ற பெண்கள், “அழட்டும், அழட்டும், இவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டு வந்த பிள்ளை,” என்றார்கள்.

“எங்கை வைச்சிருக்கிறாய்?” என்றான் தோளிலிருந்தபடியே.

“மிச்சம் என்னட்டைப் பத்திரமாய் இருக்கு.”

“மிச்சமோ?”

“ஓம். ஒரு லட்சத்துப் பதினாலு இருக்கு. நாளைக்குப் பாண்டு வாத்தியத்துக்கு மிச்சம் குடுக்க வேணும், வெடிக்கு, சுடலைக்கு. அதுக்கெல்லாம் காணும். பேந்தும் கொஞ்சம் மிஞ்சும்.”

அவன் தலையை எடுத்து அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் கள்ளமோ பயமோ இல்லை. களைப்பும், ஒரு காரியத்தைச் சரியாகச் செய்த ஆளின் அமைதியும் மட்டும்தான் இருந்தன.

“ஆர் உன்னைச் செலவழிக்கச் சொன்னது?”

“அப்பாதான்.” அவள் துவாயை அவன் தோளில் போட்டாள். “நேற்றிரவு நித்திரை இல்லை அவருக்கு. பத்து மணி போலைக் கூப்பிட்டார். ‘பிள்ளை, தம்பி என்ரை செலவுக்குத் தலைமாட்டிலை காசு வைச்சிருக்கிறான். நான் போனால் அதை எடு. கொம்மாவை அனுப்பின மாதிரி என்னை அனுப்பாதையுங்கோ. ஒருத்தரிட்டையும் கை நீட்டவும் வேண்டாம்’ எண்டார். சும்மா இருங்கோ அப்பா எண்டு சொல்லிப்போட்டு வந்து படுத்தன். பாத்தால் விடியவே...” துவாயின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். “நீ எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை, பார். அவருக்கு மட்டும் சொல்லியிருக்கிறாய்.”

அம்மா கமலாவதி 2021 ஓகஸ்டில் கொரோனாவில் போனவள். ஆஸ்பத்திரியிலிருந்தே மூடிய பெட்டியில் எரிக்கக் கொண்டுபோனார்கள். ஐயர் இல்லை, பறை இல்லை, அரிசி போடவில்லை. எவரோ அனுப்பிய நாற்பது விநாடிக் காணொளியில் ஒரு புகைபோக்கி தெரிந்தது. அப்பா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதற்கு அடுத்த மாரியில்தான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார்.

சிவதர்ஷன் வாளியைக் கிணற்றுக்குள் விட்டான். கயிறு கையில் ஓட ஓட, முதன்முதல் காசு வைத்த நாளில் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. அவன் காசுக் கட்டைத் தலையணைக்குள் திணிக்கும்போது அப்பா கேட்டார், “உது ஆற்றை காசடா?” ஊரவன் காசு என்றால் மனிதர் இரவு முழுக்க நித்திரை கொள்ளமாட்டார். அதனால், “உங்கடை காசுதான் அப்பா. பத்திரமாய் வைச்சிருங்கோ, ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ,” என்றான். பகிடியாகத்தான் சொன்னான். அப்பா சிரிக்கவில்லை. கையைத் தலையணைக்கு மேல் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஓட்டமும் முடிந்து வரும்போது அவர் கேட்பது ஒன்றுதான். “சேருதோ?”

“சேருது அப்பா.” காப்புக் காசைக் கேட்கிறார் என்றுதான் நினைத்தான்.

கட்டு ஒவ்வொரு முறையும் மத்தியானம் போய்விடும், அடுத்த ஓட்டத்தில் வேறு கனத்தில் வரும். எடுத்துக்கொண்டுபோய்க் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று அவர் நினைத்திருப்பாரோ? அப்படியும் ஒருவர் நினைப்பாரா? அப்பா கணக்குத் தெரியாதவரல்ல. எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன் பத்து வருடம் குருநாகலில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றவர்.

“தம்பி, என்ன கயிறைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?”

“இனி அந்தக் காசிலை தொடாதை அக்கா. நாளைச் செலவுக்கு நான் தாறன்.”

“ஏன்? அதுதான் இருக்கே.”

“தொடாதை எண்டால் தொடாதை.” சொன்ன வேகத்தில் அவனே பயந்து, “முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வேணுமெல்லே,” என்றான்.

ஈர உடம்போடு சந்திக்குப் போய் லொறியில் ஏறினான். வெயில் தட்டுக்குப் பின்னாலிருந்த உறையை எடுத்தான். நாற்பத்தொராயிரம். காப்புகளை மீட்க வட்டியோடு தொண்ணூறாயிரம் அளவில் தேவை, ஜூலைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. கைகளைச் சுக்கானில் வைத்துக்கொண்டு அழுகை வருமா என்று பார்த்தான். கண்ணாடிக்கு வெளியே மின்கம்பத்தில் அப்பா நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்றார். ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, படத்தின் கீழிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை முழுவதும் ஆட்கள் வந்தார்கள். கதிரைகள் நிறைந்தன. அவனுக்கு முறையான ஒரு மாமா வெற்றிலையை மென்றபடி கேட்டார், “லொறியிலை மாசம் என்ன மிஞ்சும் மருமோன்?”

“பெரிசாய் இல்லை மாமா.”

“மறை, மறை. ஏழு மாசத்திலை இப்பிடி ஒரு செத்த வீடு செய்யலாமெண்டால் என்ரை பெடியனையும் யூனிவேர்சிற்றியாலை மறிச்சு லொறியிலை ஏத்திவிடுறன்.”

சுற்றியிருந்தவர்கள் சத்தமில்லாமல் சிரித்தார்கள். பெரியம்மா எல்லோருக்கும் கேட்க, “பொம்பிளைப் பிள்ளையள் தனிய நிண்டு செய்த காரியம். உவன் காசை ஆயத்தமாய் வைச்சுப்போட்டெல்லோ ஓட்டத்துக்குப் போனவன். எத்தினை பேருக்கு அந்தப் புத்தி வரும்?” என்றாள். பிறகு அவன் பக்கம் குனிந்து, “ராசா, உன்ரை முதலாளி எப்ப வாறார்? என்ரை நாலு மூடைக் காசு கிடக்கு. இண்டைக்கு இதைக் கேக்கக்கூடாதுதான்.”

“நாளைக்குப் பெரியம்மா.”

அவளுடைய நாலு வெங்காய மூடைகளும் செவ்வாய் கொண்டுவந்த காசில் அடக்கம். அவற்றின் காசு எதில் போயிருக்கும், பித்தளைப் பிடியிலா, மின்குமிழிலா என்று அவன் யோசித்தான். யோசிப்பதற்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளி காலை எட்டரைக்குப் பிரகலாதன் வந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் மாலை. பெட்டிக்கு முன் நின்று மாலையைப் போட்டுக் கும்பிட்டார். பிறகு பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். வியாபாரியின் பார்வை; கண்ணாடிக்குள்ளாலும் அது பந்தலின் நீளத்தை அளப்பது தெரிந்தது. வாசலில் சிவப்புச் சட்டை போட்ட பாண்டுக்காரர் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சிவதர்ஷன் ஈர வேட்டியோடு, மேலில் ஒன்றுமில்லாமல், விரலில் தர்ப்பையோடு நின்றான். ஐயர் கும்பத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும். போய் முதலாளிக்குப் பக்கத்தில் குந்தினான்.

“முதலாளி, சரக்குக் காசு...”

“சீ. இப்ப என்னத்துக்கு அது? எல்லாம் முடியட்டும். பின்னேரம் கதைப்பம்.”

“இல்லை முதலாளி. இதுதான் அது.”

“எது?”

சிவதர்ஷன் பந்தலைக் காட்டினான். கையைக் கொஞ்சமாகத்தான் உயர்த்தினான். பிரகலாதன் பந்தலைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார், பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண் சிவந்திருந்தது.

“பெட்டியுமோ?”

“ஓம்.”

“பாண்டுமோ?”

“பாண்டுக்கு அட்வான்ஸ் மட்டும். மிச்சம் என்ரை காசு.”

“எவ்வளவு?”

“ரெண்டு இருபத்தாறு. ஒண்டு பதினாலு அப்பிடியே இருக்கு.”

“ஆர் எடுத்தது? கொக்காவோ?”

அக்கா என்றால் அவள் கள்ளி ஆகிவிடுவாள். அப்பா என்றால், அவர் இதோ கிடக்கிறார். “நான்தான்,” என்றான்.

“நீ கொழும்பிலை நிண்டனி.”

“நான்தான் முதலாளி.”

பிரகலாதன் கண்ணாடியைச் சட்டை நுனியில் நெடுநேரம் துடைத்தார். அந்த நேரம் பெரியம்மா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து, “முதலாளி, எங்கடை பிள்ளையைப் பாத்தியளே? தகப்பனை ராசா மாதிரி அனுப்புறான்,” என்றாள்.

“பாத்தன்,” என்றார் பிரகலாதன். “நேரை பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.” ஒரு குவளையை எடுத்துக்கொண்டார்.

ஐயர் அவனைக் கூப்பிட்டார்.

சுண்ணம் இடித்தார்கள். பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். பெட்டி மூடும்போது தாரிகா மயங்கி விழுந்தாள். பாண்டு வாசித்தது, பறை முழங்கியது, ஒழுங்கை நீளத்துக்கு வெடி வெடித்தது. முன்னால் கொள்ளிச்சட்டியோடு நடந்த சிவதர்ஷன் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தொகையை நினைத்தான். நிறுத்த முயன்றான். அப்பா, அப்பா என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். சொல் வந்தது, பின்னால் ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் சந்தியில், அவனுடைய லொறிக்குப் பக்கத்தால் போகும்போது, திரும்பினான். பெட்டி வைத்த பாடையின் பின்தண்டை ஒருவர் மாற்றிக் கொடுக்க, பிரகலாதன் தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அவன் மிச்சக் காசைச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோனான். கமக்காரருக்கு முதலாளி ஏற்கெனவே தன் கைக்காசைப் பங்கிட்டு முடித்திருந்தார். ஒன்று பதினாலை ஒருமுறை எண்ணி மேசை லாச்சிக்குள் போட்டார்.

“ஓட்டத்துக்கு ஐயாயிரம் கழிப்பன். ரெண்டாயிரத்தோடை சாப்பிடு. நாப்பத்தாறு ஓட்டம். இனித் தம்புள்ளைக்காரனும் பாங்கிலை போடட்டும், உன்ரை கையிலை சரக்குக் காசு வேண்டாம். சம்மதமோ?”

“ஓம் முதலாளி.”

“ஊருக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. கொப்பருக்காக.” லாச்சியைப் பூட்டிக்கொண்டு, “நல்ல பெட்டி,” என்றார்.

சனி காலை சுடலையில் சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்து வீட்டுக்கு வந்தபோது பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தாரிகா அப்பாவின் சாமான்களை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தவள், அதற்குள்ளிருந்து ஒரு தாள் துண்டை எடுத்தாள்.

“இது என்ன, பார். சிங்களத்திலை கிடக்கு.”

நாலாக மடித்த தாள். சிவதர்ஷன் விரித்தான். தம்புள்ளைக் கடையின் பற்றுச்சீட்டு. திங்கட்கிழமைத் திகதி. காசுக் கட்டோடு சேர்த்து இறப்பர் வளையத்துக்குள் அவன் செருகி வைத்தது. அவனுக்குச் சிங்களம் வாசிக்க வராது. ஆனால் முதலாளியின் பெயர் அந்த எழுத்தில் எப்படியிருக்கும் என்று தெரியும். முதல் வரியில் அது இருந்தது. கடைசி வரியில் 340,000.

“காசு எடுக்கேக்கை கட்டு எப்பிடி இருந்தது?” என்று கேட்டான்.

“எப்பிடி எண்டால்? இறப்பர் வளையம் போட்டு. ஏன்?”

“இந்தத் துண்டு அதுக்கை இருந்ததோ?”

“இல்லையே. இது கண்ணாடிக் கூட்டுக்கை எல்லோ கிடந்தது.”

அப்பா குருநாகலில் பத்து வருடம் சிங்களத்தில் பற்றுச்சீட்டு எழுதியவர். தாள் காற்றில் பறக்கும் என்று பத்திரப்படுத்தியிருக்கலாம். மகனிடம் கொடுக்க மறந்திருக்கலாம். புதன் இரவு பத்து மணிக்குத் தாரிகாவைக் கூப்பிடுவதற்கு முன் கண்ணாடியைப் போட்டு இதை வாசித்திருக்கலாம். வாசித்துவிட்டு மடித்திருக்கலாம். வாசிக்காமலும் மடித்திருக்கலாம்.

“என்ன துண்டு தம்பி?”

“டீசல் பில்.”

“அப்பா ஏன் அதை வைச்சிருந்தவர்?”

“தெரியேல்லை,” என்றான். அது உண்மைதான்.

தாரிகா கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்து மூடினாள். வெளியே பந்தல்காரர் தகரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 26, திங்கட்கிழமை சிவதர்ஷன் மறுபடியும் லொறி எடுத்தான். காசு கழித்த ஓட்டங்களில் நாற்பத்தாறாவது ஓகஸ்ட் 5-ஆம் திகதி முடிந்தது. தாரிகாவின் நாலு காப்புகளும் ஜூலை 27-ஆம் திகதி ஏலத்தில் போயிருந்தன.